முந்நூற்று ஐம்பது ரூபாயில் அணைந்த ஏ.பி.எஸ். விளக்கு: கோரிமேடு வழியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை

ஏற்காடு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். மூட்டைகளைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. பிக்கப் வண்டியை நானே ஓட்டுகிறேன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதுகில் ஒரு டன் சுமையோடு அந்த இறக்கத்தில் வரும்போது கண்ணெதிரே பிரேக் சம்பந்தமான விளக்கு எரிந்தால் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு அது பிப்ரவரியில் தொடங்கியது. பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். அழுத்தி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புதான் ஏ.பி.எஸ்., அது வேலை செய்யாவிட்டால் இந்த விளக்கு எரியும். அடிவாரத்தில் வண்டியை அணைத்து மறுபடி எடுத்தால் காணாமல் போய்விடும். வெறும் வண்டியில் ஒருநாளும் வந்ததில்லை. அந்த விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கலாம். பனி இறங்கும் எங்கள் மலையில் அது சின்ன விஷயம் இல்லை.

மூன்று கடைகளுக்குப் போனேன். ஒன்றில் சக்கர சென்சாரை மாற்றினார்கள், 2,600 ரூபாய். அடுத்ததில் முன்பக்க பிரேக் பேட். மூன்றாவது இடத்தில், வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, மின்னழுத்தம் குறைவு என்று குறியீடு வருகிறது, ஏ.பி.எஸ். யூனிட்டே போய்விட்டது, 38,000 ஆகும் என்றார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட லோடு ஏற்றிய வண்டியைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

மண்டியில் மூட்டை இறக்குகிற பெரியவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் வழியில், ஒரு புளியமரத்தடியில் தகரக் கொட்டகை. பலகையில் ‘ஆட்டோ எலக்ட்ரிக்கல்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அறுபதை நெருங்கும் ஒருவரும் அவருடைய மருமகனும் வேலை செய்கிறார்கள்.

பானெட்டைத் திறக்கும் முன் அவர் கேள்விதான் கேட்டார். “லோடு இருக்கும்போது மட்டும்தானா அம்மா? வளைவிலா, நேரான சாலையிலுமா? ஹெட்லைட் போட்டிருந்தீர்களா? பிரேக்கை மிதிக்கும்போது மீட்டர் விளக்கு மங்குகிறதா?” கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மங்கியது. இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார், மறு முனையை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் வைத்தார். விளக்குகள் எரிய, பிரேக் மிதித்தபடி இருக்க, 1.4 வோல்ட் காட்டியது. பேட்டரியின் நெகட்டிவைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பைத்தான் எர்த் என்கிறார்கள். நல்ல எர்த் என்றால் அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாதாம். மருமகன் எர்த் கேபிளைப் பிடித்து அசைத்ததும் எண் நான்கைத் தாண்டி எகிறியது. “அண்ணா, போன கடையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார்களே, ஒயர் நன்றாக இருக்கிறது என்றார்களே?” என்றேன். “மின்தடையை அளக்கும் ஓம் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் காட்டும் அம்மா. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும். மின்சாரம் நிறையப் பாயும்போதுதான் அதன் குணம் தெரியும்” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் பின்பக்க லோடு பாடியைப் புதிதாகக் கட்டியபோது, அந்த எர்த் கேபிளைக் கழற்றி, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் மலை ஈரம் புகுந்து பச்சைப் பொடி பூத்திருந்தது. சுமையோடு வளைவில் திரும்பும்போது சேசிஸ் சற்றே முறுக்கிக்கொள்ளும். அந்த நொடியில் தொடர்பு விட்டுப்போகும். யூனிட்டுக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காது, அது தன்னை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போடும். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதை யூனிட்டின் மேல் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசினார். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். கூலி 350 ரூபாய். 38,000 செலவழிக்கத் தயாராகப் போயிருந்த எனக்கு, அந்த 350 ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது கை நடுங்கியது.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டே பேர் என்பதால் காத்திருக்க வேண்டும். நான் போன அன்று மூன்று மணிநேரம் ஆனது. உட்கார ஒரு பெஞ்சு மட்டும் இருக்கிறது. பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார். ஸ்கேனர் அவரிடம் இல்லை, ஆகவே ஏர்பேக் போன்ற வேலைகளுக்கு இந்தக் கடை ஆகாது. பிரேக்கின் எண்ணெய் வேலையும் அவர் தொடுவதில்லை. ஆனால் பிரேக் ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து மாற்றச் சொன்னார். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும், ஆயில் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். வேறு கடையில் அன்றே மாற்றிக்கொண்டேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் வருகிறேன்.

அதன்பின் நான்கு முறை முழு லோடோடு இறங்கிவிட்டேன், அதில் ஒரு முறை நல்ல மழை. விளக்கு எரியவில்லை. போகிறவர்கள் காலை ஒன்பதரை மணிக்கே போய்விடுங்கள். கோளாறு லோடோடு மட்டும் வருவதென்றால் மூட்டையை இறக்காமலே கொண்டுபோங்கள்.