குன்னூர் தேயிலை ஆலையில் எஃப்.டி.டி.ஐ. சிப் கேபிள்

எங்கள் ஆலையில் இலை வாட்டும் விசிறிகளை ஓட்டுவது பழைய மைக்ரோலாஜிக்ஸ் 1000 பி.எல்.சி., அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி. அதன் புரோகிராமை எடுக்க ஆர்.எஸ்-232 என்ற பழைய வகை சீரியல் இணைப்பு வேண்டும், புது லேப்டாப்பில் சீரியல் போர்ட்டே கிடையாது. முன்பு வாங்கிய பெயரில்லாத மலிவு அடாப்டர், டவுன்லோட் பாதியில் இருக்கும்போதே இணைப்பை அறுத்துவிடும். பச்சை இலை வந்து குவிகிற சீசனில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று ஆலைக்காரர்களுக்குத் தெரியும்.

இப்போது எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.டி.232ஆர் சிப் (யு.எஸ்.பி.யை சீரியலாக மாற்றுவது) உள்ள யு.எஸ்.பி. கேபிள் வாங்கியிருக்கிறேன். அருமை! விண்டோஸ் தானே டிரைவரைப் போட்டுக்கொண்டது. ஆனால் போர்ட்டுக்கு காம் 11 என்று எண் கொடுத்தது. பழைய சாஃப்ட்வேர் சிலவற்றுக்கு காம் 4-க்கு மேல் கண்ணில் படாது. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் காம் 2 ஆக்கினேன். அங்கேயே லேட்டன்சி டைமர் (வந்த டேட்டாவை லேப்டாப்புக்கு அனுப்பும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லி செகண்டில் இருக்கும். டைம்அவுட் (பதில் நேரத்துக்கு வரவில்லை என்ற பிழை) வந்தால் அதைக் குறையுங்கள்.

பி.எல்.சி. பக்கம் எட்டு முள் வட்ட பிளக் என்பதால் அதற்குரிய கேபிள் தனியாக வேண்டும். அப்புறம், இந்த யு.எஸ்.பி. கேபிளில் மின் ஐசொலேஷன் (லேப்டாப்பையும் பி.எல்.சி.யையும் மின்சாரத்தில் பிரித்து வைப்பது) இல்லை. பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில் ஐசொலேஷன் உள்ளதையே வாங்கச் சொல்வேன், விலை கூடினாலும் சரி.