மேக்புக், புது விண்டோஸ் லேப்டாப், பழைய திங்க்பேட்: வேலூர் வீட்டுக்கு எது சரிவரும்?

வீட்டுக்கு ஒரு லேப்டாப் வேண்டும். பேங்க் வேலை, பள்ளிக்கூட மார்க் லிஸ்ட், மகளின் அசைன்மென்ட், ராத்திரியில் ஒரு படம், நடுவில் கொஞ்சம் தமிழ் டைப்பிங். உபயோகம் இவ்வளவுதான் என்றால் மூன்று வழி இருக்கிறது. ஐம்பதாயிரத்தை ஒட்டி ஒரு புது விண்டோஸ் லேப்டாப் வாங்கலாம். லட்சத்தை ஒட்டி ஒரு மேக்புக் ஏர் வாங்கலாம். அல்லது கம்பெனிகள் கழித்துவிட்ட, லெனோவோவின் பழைய திங்க்பேட் லேப்டாப் ஒன்றை, புது லேப்டாப் விலையில் பாதிகூட கொடுக்காமல் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். நான் மூன்றாவதைத்தான் வாங்கினேன், திங்க்பேட் டி480. ஆகவே இதில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள். ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங், கேம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் உதவாது.

வேகத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. மேலே சொன்ன வேலைகளுக்கு மூன்றுமே போதும். எஸ்எஸ்டியும் 8 ஜிபிக்குக் குறையாத ரேமும் இருந்தால் சரி, 16 இருந்தால் நிம்மதி. எடையிலும் ஸ்க்ரீன் அழகிலும் மேக்தான் முதல். திங்க்பேட் கருப்பாக, தடிமனாக, பார்க்க ஆபீஸ் சாமான் போலவே இருக்கும். என் மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மேக்கை நான் சொந்தமாக வைத்து ஆண்டதில்லை. மச்சான் வீட்டில் எம்1 சிப் போட்ட ஒரு மேக்புக் ஏர் இருக்கிறது, லீவுக்குப் போகும்போது உட்கார்ந்து பார்த்த பழக்கம்தான். அந்த அளவில் சொன்னால், சார்ஜ் நிற்பதில் அதற்கு ஈடே கிடையாது. 2020 கடைசியில் வந்த மாடல், இன்னும் சளைக்காமல் ஓடுகிறது. விற்கப் போனாலும் காட்பாடிப் பக்கம் கேட்ட விலையை ஒட்டிப் போவது மேக்தான். ஆனால் ரேம், எஸ்எஸ்டி இரண்டும் போர்டோடு ஒட்டிய கதை. வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். போர்டு போனால் உள்ளே இருக்கும் போட்டோக்களும் சேர்ந்து போகும். தனியாக ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைக்காதவர் மேக் வாங்கவே கூடாது. 2025 மார்ச்சில் வந்த எம்4 ஏர் 99,900 ரூபாயில் தொடங்கியது. அந்தப் பணம் கையில் இருந்து, கழற்றி மாட்டும் ஆசையும் இல்லாதவர் அதையே வாங்கட்டும், நான் மறுக்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: இதை யார் திறப்பார்கள்?

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி. காலையில் துடைத்த மேஜையில் சாயந்திரம் விரலால் பேர் எழுதலாம். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த ஊரில் ஒரு செய்தியே இல்லை. மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. திங்க்பேட் கையேட்டிலும் மேல் எல்லை அதே 35தான். ஆக, எவனும் நம்ம ஊர் மே மாதத்தை நினைத்து லேப்டாப் செய்யவில்லை. விசிறியில் தூசி ஏறும், பிராசசர் மேல் தடவிய பேஸ்ட் காயும், பேட்டரி தளரும். ஏருக்கு விசிறியே இல்லாததால் தூசித் தொல்லை கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விசிறி இருக்கும் மற்ற லேப்டாப் எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து சுத்தம் செய்ய ஆள் வேண்டும்.

வீட்டில் முன்பு இருந்த மெல்லிசான லேப்டாப் ஒன்றைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். விசிறிக்கும் செம்புக்குழாய் முடியும் இடத்துத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை அடைத்திருந்தது. கடைத் தம்பி ட்வீசரில் பிடித்து ஒரே துண்டாக உரித்து எடுத்தான்.

“இன்னாணா, வாங்கனதுலேர்ந்து தொறக்கவே இல்லியா? கம்பளியாட்டம் கீது பாருங்க.”

அதை எடுக்க அவனுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான் முக்கால் மணி நேரம். ரப்பர் காலைப் பிய்த்தால் அதற்கடியில் ஒரு ஸ்க்ரூ, ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொன்று, ஓரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கொக்கிகள். அதில் இரண்டு உடைந்தும் போயின. மூடியபிறகு மூலையில் ஒரு இடுக்கு தெரிந்துகொண்டே இருந்தது. “இந்த மாதிரி மாடல் எடுத்தாந்தா கைய வைக்கவே பயமா கீதுணா” என்றான். அடுத்த லேப்டாப்பை அவனைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்தேன். அவன் தயங்காமல் சொன்ன பெயர் டி480.

அதைத் திறக்கும் முறையைப் பாருங்கள். முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்ஸில் போய், உள் பேட்டரியை முடக்க வேண்டும், அதற்கென்றே ஒரு மெனு இருக்கிறது. பிறகு திருப்பிப்போட்டு, இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் வெளி பேட்டரி கையோடு வந்துவிடும். அடித்தட்டின் ஸ்க்ரூக்கள் தளர்த்தினாலும் தட்டைவிட்டு விழாதவை, அதனால் மேஜைக்கடியில் தேடும் வேலை கிடையாது. பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் விட்டு நெம்பினால் தட்டு கழன்றுவிடும். விசிறி, இரண்டு ரேம் ஸ்லாட், உள் பேட்டரி, வைஃபை கார்டு எல்லாம் கண்ணெதிரே. பிராசசர் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கின் ஸ்க்ரூக்களில் எதை முதலில் முறுக்குவது என்று எண்கூடப் போட்டிருப்பார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எவ்வளவு நீளம் என்பது வரை படத்தோடு விளக்கும் ஹார்ட்வேர் மெயின்டனன்ஸ் மேனுவலை லெனோவோ இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தூசி தட்டுவதும் பேஸ்ட் மாற்றுவதும் இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. கடைக்குப் போனாலும் தம்பி முகம் சுளிப்பதில்லை.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி இருப்பதில் இன்னொரு வசதி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயந்திரம்வரை கரண்ட் இல்லாத நாளில், லேப்டாப்பை அணைக்காமலே வெளி பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அடுத்து வந்த டி490இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள், ரேமிலும் ஒரு பகுதி போர்டோடு ஒட்டிவிட்டது. அதனால் ‘இன்னும் கொஞ்சம் புதுசா வாங்கலாமே’ என்று யாராவது சொன்னால் யோசித்துக் கேளுங்கள்.

புது விண்டோஸ் லேப்டாப்புக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வருஷ வாரன்ட்டி என்பது சின்ன விஷயமல்ல. பழசு வாங்கினால் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரன்ட்டி. அந்த மன உளைச்சல் வேண்டாம் என்றால் புதுசே வாங்குங்கள். வாங்கும் முன் ரேம் கழற்றக்கூடியதா, இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ‘16 வேணும்னா அப்புறம் போட்டுக்கலாம் சார்’ என்று கடையில் சொல்வதை நம்பாமல், மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இனி ஓஎஸ், அதாவது விண்டோஸா மின்ட்டா என்பது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டி480இல் பெரும்பாலும் இருப்பது சரியாக அந்த எட்டாம் தலைமுறை. அதற்கு முந்தைய டி470இல் பெரும்பாலும் இருப்பது ஏழாம் தலைமுறை, அது பட்டியலிலேயே இல்லை. நூறு, இருநூறு குறைகிறது என்று ஏழாம் தலைமுறையில் விழுந்துவிடாதீர்கள். லினக்ஸ்தான் போடப்போகிறேன் என்பவருக்கும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஏழில் லேப்டாப்புக்கான ஐ5 யு வரிசை பிராசசருக்கு இரண்டு கோர், எட்டில் நான்கு.

நான் மின்ட் போட்டதற்குக் காரணம் திறந்து மூடும் அதே குணம்தான். விண்டோஸ் 11 முதல் நாளே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. டெஸ்க்டாப்பில் போட்ட ஃபைல்களை ஒன்டிரைவுக்கு எடுத்துப்போகிறது, பிறகு இலவச 5 ஜிபி நிறைந்துவிட்டது என்று நச்சரிக்கிறது. மின்ட்டில் அப்டேட்டை எப்போது போடுவது என்பது என் இஷ்டம். ஏதாவது கெட்டுப்போனால் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் ஒன்றும் புதுசல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்த பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

மின்ட் எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதும் டேலி அதில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து ஃபைலிங் செய்பவர்களுக்கு விண்டோஸில்தான் சுலபம். ஜெராக்ஸ் கடையிலும் ஆபீஸிலும் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, கேனான் எல்பிபி 2900 பிரின்டர், அதை லினக்ஸில் ஓடவைப்பது தனிப் போராட்டம். அதற்கென்று ஒரு தனி டிரைவர் உண்டு, அதைக் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். வேர்டில் செய்த வினாத்தாளை மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் திறந்தால், லதா எழுத்துரு இல்லாததால் வரி இடம் மாறி, கேள்வி ஒரு பக்கமும் மார்க் ஒரு பக்கமும் நிற்கும். எனக்கு இதில் தினமும் இடிப்பது இந்தக் கடைசிதான். அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கிவிடுவது என்று பழகிக்கொண்டேன்.

தமிழ் டைப்பிங்கைப் பொறுத்தவரை மூன்றும் தேவலாம். மேக்கில் அஞ்சல், தமிழ்99 என்ற கீபோர்ட் முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் மொழியைச் சேர்த்தால் போதும். மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்று இரண்டு மென்பொருளை நிறுவ வேண்டும், அப்புறம் அதே தமிழ்99தான்.

தினமும் டேலி திறப்பவர் டி480 வாங்கினாலும் அதில் விண்டோஸ் 11ஐயே வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், இடம் தாராளமாக இருக்கும்படி 512 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள்.

பழசு தேடிப் போவதற்கு வேலூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: காட்பாடியில் ரயில் ஏறினால் இந்தப் பக்கம் சென்னை ரிச்சி தெரு, அந்தப் பக்கம் பெங்களூர் எஸ்பி ரோடு, இரண்டுமே கம்ப்யூட்டர் கடைத்தெரு. எங்கே போனாலும் சிலதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது பழைய கம்பெனி பூட்டியது, கடைக்காரருக்கும் தெரியாது. ஸ்க்ரீன் 1920க்கு 1080 தானா என்று பாருங்கள், மங்கலான 1366 ஸ்க்ரீன் போட்டவையும் நிறைய வந்திருக்கின்றன. டி480 சார்ஜ் ஏறுவது யுஎஸ்பி-சி வழியாக மட்டும்தான், அந்த போர்ட் இரண்டும் மெயின்போர்டிலேயே இருக்கின்றன. இரண்டு போர்ட்டிலும் சார்ஜரை மாட்டி, லேசாக ஆட்டிப் பாருங்கள். டி480 காலத்து மாடல்களுக்கு, அதில் தண்டர்போல்ட் எனப்படும் போர்ட்டுக்கான ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட் ஒன்று உண்டு, அது போடாமல் விட்டால் நாளடைவில் அந்த போர்ட்டே தகராறு செய்யும். போட்டாயிற்றா என்று கேளுங்கள். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைப் பையில் எடுத்துப்போனால், எதையும் நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டு வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துவிடலாம். பேட்டரி இரண்டும் புதுசாக இருந்தபோது எத்தனை வாட்-அவர் சார்ஜ் பிடித்தன, இப்போது எத்தனை என்பதும் அதிலேயே தெரியும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.