எவர்சில்வரா, எச்டிபிஇ-யா? வண்டிக்குள் வைக்கும் தண்ணீர்த் தொட்டி

ஃபோர் பை ஃபோர் வண்டியில் காடுமேடு சுற்றி, போன இடத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களிடம் தண்ணீர்த் தொட்டி என்று சொன்னால் உடனே எவர்சில்வர் என்பார்கள். வடசென்னையில் அது இயல்பும்கூட. ஷீட்டுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் இருக்கிறது, வால்வு குழாய்க்குப் பாரிமுனை செம்புதாஸ் தெரு இருக்கிறது, ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரும் பக்கத்திலேயே கிடைப்பார். அப்படியிருந்தும் நான் எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டை வெல்டிங் செய்து தொட்டி கட்டிக்கொண்டேன். மணலி, அம்பத்தூர் பக்கம் ரசாயன ஆலைகளுக்கு ஆசிட் தொட்டி செய்து தரும் பட்டறைகள் உண்டு. அவர்கள் செய்யும் அதே வேலைதான் இது, அளவு மட்டும் சிறியது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இருபது லிட்டர் வாட்டர் கேன் மலிவு, ஆனால் கரடுமுரடான பாதையில் உருளும், குழாய் பொருத்த வசதியில்லை. அலுமினியம் எடை குறைவு, ஆனால் உப்புத் தண்ணீரும் குளோரினும் அதற்கு ஆகாது. மடிக்கிற ரப்பர் பை எப்போதாவது போகிறவருக்குச் சரி. ஃபைபர் வேலைக்குக் காசிமேட்டில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், படகுக்கு அதை மிஞ்சியது இல்லை. குடிநீர் விஷயத்தில் மட்டும் ரெசின் முழுமையாக இறுகாவிட்டால் ஸ்டைரீன் என்கிற ரசாயனத்தின் வாடை தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் விட்டுவிட்டேன்.

ஆக மிஞ்சுவது இரண்டு. முதலில் எடையும் கொள்ளளவும். 100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மி.மீ. எவர்சில்வர் ஷீட்டில் கட்டினால் வெறும் தொட்டியே 16 கிலோ வரும், உள்ளே 78 லிட்டர் பிடிக்கும். 8 மி.மீ. எச்டிபிஇ-யில் எடை 10 கிலோதான், ஆனால் சுவர் தடிமன் இடத்தைத் தின்றுவிடும், 70 லிட்டர்கூட நிறையாது. வண்டிக்குள் ஒவ்வொரு அங்குலமும் கணக்கு என்கிறவருக்கு எட்டு லிட்டர் இழப்பு பெரிதுதான். இந்த இடத்தில் எவர்சில்வருக்கே என் ஓட்டு. எதில் கட்டினாலும் தொட்டி தாழ்வாக, பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார வேண்டும். நிறைந்தால் ஒரு ஆளை விட அதிக எடை அது, மேலே ஏற்றி வைத்தால் சரிவில் வண்டி சாயும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. முகாம் வண்டியின் தொட்டி ஓடும் நாளை விட நிற்கும் நாள்தான் அதிகம். ஊர் திரும்பியதும் வால்வைத் திறந்து வடித்துவிடுகிறோம். மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் எப்படியும் தங்கும். சென்னை ஈரக்காற்றில், தடுப்புகள் வைத்து மூடிய தொட்டி சீக்கிரம் காயாது. அந்தச் சொச்சத் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும்போது அதிலிருந்த உப்பு செறிந்துகொண்டே போகும். அது பெரும்பாலும் அடி மூலையில், வெல்டிங் கோட்டின் மேலேயே நிற்கும்.

இது எவர்சில்வருக்கு ஏன் ஆகாது? எவர்சில்வரில் வழக்கமாகக் கிடைக்கும் 304 கிரேடில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி உலோகத்தைக் காப்பாற்றுகிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். பரவலாகத் துரு பிடிக்காது, ஊசி குத்தியது போல ஓரிடத்தில் மட்டும் உள்ளே இறங்கும். சாதாரண வெப்பநிலையில் 304-க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை பரவாயில்லை என்பது பொதுவான வழிகாட்டல். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, குளோரைடை 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. அதாவது மனிதர் குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரே 304-க்கு உப்பு அதிகமாக இருக்கலாம். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் வந்ததற்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு காரணம். பழவேற்காட்டில் ஒரு கைப்பம்பில் தொட்டியை நிரப்புகிறவர் அதன் உப்பை அளந்து பார்த்துவிட்டா நிரப்பப் போகிறார்?

வெல்டிங் ஓரம் இன்னும் பலவீனம். சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய இடத்தில் அந்தக் காப்புப் படலம் சரியாக இருக்காது. வெளிப்பக்கம் பிக்லிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசை தடவிப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். உள்பக்கத்தில் அதைச் செய்ய, மூடிய பெட்டிக்குள் கை போகாது. வெல்டிங் நடக்கும்போதே உள்ளே ஆர்கான் வாயு நிரப்பிச் செய்தால் இந்தச் சிக்கல் குறையும். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

அப்புறம் கிருமிநீக்கம். வாரக்கணக்கில் நின்ற தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழவழப்பு தெரியும். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும்படி நிரப்பிச் சில மணி நேரம் விட வேண்டும். 70 லிட்டர் தொட்டிக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 70 மில்லி ஊற்றினால் அந்த அளவு வந்துவிடும். எச்டிபிஇ இதை எத்தனை முறை செய்தாலும் தாங்கும், ஹைப்போ தொட்டிகளையே அதில் கட்டுவதுண்டு. 304-க்கோ தொடர்ந்து படுகிற தண்ணீரில் குளோரின் 2 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பார்கள், அடுத்த உயர் கிரேடான 316-க்கு 5. சுருக்கமான நேரத்துக்குக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே குளோரின் ஆவி தேங்கி மேல்தகட்டின் அடிப்பக்கத்தை அரிப்பதைத் தடுப்பது கஷ்டம். கை எட்டாத இடம் அது. தொட்டியைச் சுத்தம் செய்யும் மருந்தே தொட்டிக்கு ஆகாது என்றால், அடுத்த முறை பயந்து குறைவாக ஊற்றுவோம். பிறகு அந்தத் தண்ணீரில் பல் துலக்கப் போவது நம் பிள்ளைகள். என்னால் இதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

316-க்குப் போகலாமே என்றால், போகலாம். அதில் சேரும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் குளோரைடை நன்றாகவே எதிர்க்கும். விலை கணிசமாகக் கூடும், வெல்டிங் கம்பியும் 316 தரத்திலேயே இருக்க வேண்டும். ஷீட் வாங்கும்போது மாலிப்டினம் காட்டும் சொட்டுத் திரவத்தால் சோதித்து வாங்குங்கள். நிக்கல் குறைந்த மலிவான 202 கிரேடும் 304-ம் பார்வைக்கு ஒன்றுதான், காந்தம் வைத்தும் நம்பிப் பிரிக்க முடியாது.

எச்டிபிஇ-யின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடந்த தண்ணீரில் லேசான பிளாஸ்டிக் வாசனை வரும், புதுத் தொட்டியில் கூடுதலாக. எவர்சில்வரில் அது கிடையாது. நான் குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஒரு கேன் வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரைக் குளிக்க, கழுவ, பல் துலக்க வைத்திருக்கிறேன். ஒரே தொட்டியில் எல்லாம் வேண்டும் என்பவர் 316-ஐ யோசிக்கலாம்.

அடுத்தது விரிவு. எச்டிபிஇ எஃகைப் போலப் பத்து மடங்கு விரியும். ஒரு மீட்டர் தொட்டி, வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 5 மி.மீ. நீளும். அதனால் போல்ட் போட்டு இறுக்கக் கூடாது, அடியில் ரப்பர் ஷீட் போட்டு, பெல்ட்டால் கட்டிக் கொஞ்சம் இடம் விட வேண்டும். உடைந்தால் பசை ஒட்டாது, மறுபடி வெல்டிங்தான். எவர்சில்வர் என்றால் ஏதாவது ஒரு சின்ன ஊரிலும் ஒட்டிக்கொள்ளலாம், பிளாஸ்டிக் வெல்டிங் மெஷின் அங்கே கிடைக்காது.

வெல்டிங் கோடு வருடக்கணக்கான குலுக்கலை எப்படித் தாங்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. பழவேற்காட்டு மணலும் ஜவ்வாது மலைப் பாதைகளும் பார்த்திருக்கிறேன், இதுவரை கசிவு இல்லை. லடாக் போல உறைகிற குளிரில் இரண்டில் எதையும் நான் ஓட்டியதில்லை.

கட்டக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. மறுசுழற்சி ஷீட் வேண்டாம், உணவுத் தரத்துப் புது ஷீட் கேளுங்கள். கறுப்பில் கலப்படம் தெரியாது, பால் வெள்ளையில் தெரிந்துவிடும். சீட்டுக்குப் பின்னால் இருட்டில் இருக்கும் தொட்டிக்கு வெள்ளையே நல்லது, தண்ணீர் மட்டமும் வெளியே தெரியும். வண்டிக்கு அடியில் வெளிச்சம் படும்படி வைத்தால் மட்டும் பாசி பிடிக்காமலிருக்கக் கறுப்பு. நடுவில் ஒரு தடுப்பு கட்டாயம். பிரேக் அடிக்கும்போது தண்ணீர் மோதுவதை அது குறைக்கும், சுவர் உப்புவதையும் தடுக்கும். தடுப்பின் அடி மூலைகளில் தண்ணீர் ஓட வெட்டு விடச் சொல்லுங்கள். எனக்குத் தொட்டி கட்டியவர், "ஒவ்வொரு அறைக்கும் கை போற மாதிரி ஒரு வாய் வெச்சிக்கோங்க சார், இல்லன்னா கழுவ முடியாது" என்றார். இரண்டு அறைக்கும் 6 அங்குலத் திருகு மூடி வைத்தோம். காற்றுக்குழாய் தனியாக மேலே போக வேண்டும், வடிகால் வால்வு மிகத் தாழ்ந்த மூலையில் வர வேண்டும். சோதனைக்குக் காற்றடிக்க விடாதீர்கள், பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஆபத்து. பட்டறையிலேயே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து, ஓர் இரவு விட்டுப் பார்த்து எடுத்து வாருங்கள்.