மேலப்பாளையம் ரோல்-ஆன் அத்தர்: மணம் அருமை, அளவுதான் வம்பு

திருநெல்வேலி மேலப்பாளையம் கடைகளில் கிடைக்கும் 6 மி.லி. ரோல்-ஆன்களில் ஜன்னத்துல் பிர்தௌஸ் கனமான சரக்கு. ஸ்பிரிட் சேராத எண்ணெய் அத்தர், ஸ்பிரே மாதிரி குப்பென்று பரவாது. லேசில் போகவும் போகாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு போதும். சட்டையில் தேய்த்தால் ஒரு சலவைக்குப் பிறகும் காலரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீசிங், ஒற்றைத் தலைவலி உள்ளவர் பக்கத்தில் ஏசி பஸ்ஸில் சென்னை வரை உட்கார்வதென்றால் அந்தப் பொட்டும் வேண்டாம். அடைத்த வண்டியில் பெரும்பாலும் அதே காற்றுதான் சுற்றும். பூசிய அளவு கூடிப்போனால் வெறும் தண்ணீர் உதவாது: நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து, பஞ்சால் துடைத்து, வாசனையில்லாத சோப்பு போடணும். மல்லிகை சோப்பால் கழுவுவது கூத்து!

உருளும் குண்டு கொஞ்சம் லொடலொட. பையில் படுக்கவைத்தால் கசியும்.