பின்னேரம் ஐந்து மணி: போனா, கடற்கரையா?

இரண்டு வயதுப் பிள்ளை சிணுங்குகிறது, அடுப்பில் சோறு. போனைக் கொடுத்தால் வீடு உடனே அமைதியாகும். நானும் கொடுத்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திருப்பி வாங்கும்போது வருகிற அழுகை இருக்கிறதே! மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஒரு வயதில் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஓடியாடுவதற்கோ 180 நிமிடம் வேண்டுமாம்.

திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போனால் ஈரமணலை அள்ளிக் கொட்டுவதிலேயே அரை மணித்தியாலம் ஓடிவிடும். அப்படியே கோட்டைப் பக்கம் நடந்தால் மான்கள் நிற்கும். "மான் என்ன சாப்பிடுது?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கலாம். பேச்சு வளர்வது அந்தக் காத்திருப்பில்தான். காணொளி யாருக்கும் காத்திருக்காது. (மானுக்குப் பிஸ்கட் நீட்ட வேண்டாம்.)

சரி, திரும்பி வந்து மணல் கழுவுவது பெரும்பாடுதான். மாரி காலத்தில் கடலும் பொல்லாதது. அந்த நாட்களில் வெளிநாட்டு மாமாவோடு வீடியோவில் கதைக்க விடுவேன், பக்கத்தில் நானும் இருந்து.