ஏணியா, பக்கெட் லாரியா?

இரண்டு கம்பங்களுக்கு நடுவே கேபிள் வேலை என்றால், ஏணியைத் தாங்குவது கேபிளைச் சுமக்கும் தாங்குகம்பிதான். துருப்பிடித்த கம்பியோ தளர்ந்த கிளாம்ப்போ ஆள் எடையில் விட்டுப்போனால் ஏணியும் கூடவே சரியும். ஏறுமுன் கயிறு போட்டுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஏணியின் மேல்கொக்கிகள் இரண்டும் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். சுவரில் சாய்த்தால் 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி ஊன்றுவது கணக்கு. அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம், மேலே மின்கம்பி ஓடும். ஏணியைத் தூக்கிச் சுமந்தே தோளும் இடுப்பும் தேயும்.

ஆளைத் தொட்டியில் வைத்து உயர்த்தும் பக்கெட் லாரியில் அந்தச் சுமை இல்லை. ஆனால் சரிவில் நிறுத்தினால் கவிழலாம். பக்கெட்டைத் தூக்கும் கையான பூம் குலுங்கினால் ஆளை வெளியே எறியும். ஹார்னெஸ் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) கயிற்றைப் பூமில் உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும், கம்பத்தில் அல்ல. மின்கம்பியைக் கவனிக்காமல் பக்கெட்டை உயர்த்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

வண்டி நுழையுமானால் கம்பங்களுக்கு நடுவே செய்யும் வேலைக்கு லாரியே மேல்.