ஸ்லைஸை விரட்டச் செய்த கோல்ஃப் பயிற்சிகள்: சில வருடங்களுக்குப் பிறகு கையில் நின்றவை

வலது கையால் ஆடுகிற பலருக்கும் உள்ள அதே வியாதிதான் எனக்கும்: ஸ்லைஸ். டிரைவரால், அதாவது நெடுந்தூரம் அடிக்கிற மட்டையால், அடித்தால் பந்து நேராகப் போவதுபோலக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி வலப்பக்கம் வளைந்து பக்கத்து ஃபேர்வேயில் (பந்து போக வேண்டிய வெட்டிவிட்ட புல்வெளியில்) போய் உட்காரும். இதைச் சரிசெய்ய யூடியூபில் பார்த்தது, பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் பக்கத்து மேட்டில் (செயற்கைப் புல் விரிப்பில்) அடிப்பவர் சொன்னது, காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் கற்றது என்று எல்லாவற்றையும் சில வருடங்களாகச் செய்து பார்த்துவிட்டேன். எது உதவியது, எது வேர்வையை மட்டும் தந்தது என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும், அடித்த அந்த நொடியிலேயே ‘தப்பு’ என்று தானாகக் காட்டிக்கொடுக்கிற பயிற்சிகள் மட்டும்தான் என்னிடம் நிலைத்தன. ‘இடுப்பு முதலில் திரும்புவதை உணருங்கள்’, ‘எடை இடது காலுக்கு மாறுவதை உணருங்கள்’ என்று உடம்புக்குள் தேடச் சொன்னவை ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. உணர்வு நேற்று ஒரு மாதிரி இருக்கும், இன்று வேறு மாதிரி இருக்கும். அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறவனுக்குக் கூரை போட்ட ரேஞ்ச்தான் கதி. மத்தியானம் தாண்டினால் இடிமழை, அதிலும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். மைதானத்தில் இருந்தால் சைரன் ஊதியதும் மட்டையைப் பையில் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதுதான். ஆகவே ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து வந்து, ஒரு வாளி பந்து வாங்கி, பச்சை மேட்டின் மேல் நின்று அடிப்பதுதான் எங்கள் பயிற்சி. இதில் உள்ள சிக்கல் அந்த மேட்தான். என்ன சமைத்துப் போட்டாலும் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்கிற விருந்தாளி மாதிரி அது. மட்டை பந்துக்கு ஓர் அங்குலம் பின்னாலேயே தரையைத் தொட்டாலும் மேட்டில் வழுக்கிப்போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் அழகாகப் பறக்கும். அதே அடியை மழையில் நனைந்த கவ் கிராஸில், அந்த அகல இலைப் புல்லில், அடித்துப் பாருங்கள். மட்டை மண்ணில் புதையும், பந்து நாலு எட்டு தள்ளி விழும்.

அதனால் நான் முதல் இடம் கொடுப்பது துண்டுக்கு. முகம் துடைக்கிற சின்னத் துண்டை மடித்து, பந்துக்குப் பின்னால் அரைச் சாணுக்குச் சற்று மேல் தள்ளி மேட்டில் போடுங்கள். 7 அயர்னால், அதாவது நடுத்தரத் தூரத்துக்கான மட்டையால், அடியுங்கள். சீக்கிரமே தரையைத் தேடுகிற மட்டை துண்டையும் வாரிக்கொண்டு போகும். மறைக்க வழியே இல்லை. புல்லில் அடிக்க இடம் கிடைத்தால் இதைவிட நல்ல வழி உண்டு. ஓர் அடி இடைவெளி விட்டு இரண்டு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சிகளை) குத்தி, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தே இல்லாமல் வீசிப் பாருங்கள். புல் பெயரும் இடம் அந்தக் கோட்டில் தொடங்கி முன்னால் போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்திருந்தால், மேட் இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஸ்லைஸுக்கு வருவோம். பந்து முதலில் மட்டை போகும் பாதையில் கிளம்பும், பிறகு மட்டை முகம், அதாவது பந்தைத் தொடும் தட்டைப் பகுதி, பார்த்த பக்கம் வளையும் என்றுதான் பழைய பயிற்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பந்தின் போக்கை அளக்கும் ராடார் கருவிகள் வந்த பிறகு இது தலைகீழானது. பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு முடிவு செய்வது மட்டையின் முகம்தான். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியால்தான் பந்து வளைகிறது. பாதையோடு ஒப்பிட்டால் முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். ‘உள்ளேயிருந்து வெளியே வீசு’ என்று பாதையை மட்டும் பிடித்துக்கொண்டால், முகம் திறந்தபடியே இருக்க, பந்து நேராக வலப்பக்கக் காட்டுக்குள் போகும். யூடியூப் காணொளிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன.

இதற்கு என்னிடம் நிலைத்தவை இரண்டு. முதலாவது, டிரைவரின் தலை உறையைப் பந்துக்கு வெளிப்பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து அடிப்பது. தோளை முன்னால் தள்ளி மேலிருந்து வெட்டுகிற பழக்கம் இருந்தால் உறை பறக்கும். பக்கத்து மேட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அந்த வெட்கமும் பயிற்சியில் சேர்த்திதான். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அடிப்பது. புள்ளி மட்டை முகத்தில் ஒட்டிக்கொள்ளும், எங்கே பட்டது என்று தெரியும், விரலால் துடைத்தால் போய்விடும். டிரைவரில் பந்து நடுமுகத்தை விட்டு விலகிப் பட்டால் மட்டை திரும்பி, பந்தை எதிர்ப்பக்கம் சுழல வைக்கும். தண்டுக்குப் பக்கத்தில், அதாவது குதிகால் பகுதியில் பட்டால் பந்துக்கு வலப்பக்கச் சுழல் கூடும். ஸ்விங் (வீச்சு) நன்றாகவே இருந்தாலும் குதிகால் அடி ஒன்றே போதும், ஸ்லைஸ் வந்துவிடும். என் மட்டையில் புள்ளிகள் எல்லாம் குதிகால் பக்கமே கூடியிருந்தன. பந்திலிருந்து சற்றுத் தள்ளி நின்றபோது, வேறு எதையும் மாற்றாமலே வளைவு கணிசமாகக் குறைந்தது. ஒரு மார்க்கர் பேனாவின் விலையில் இவ்வளவு தகவல் தருகிற கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

எனக்குச் சொல்லித்தந்தவர் அறுபதைத் தாண்டிய தமிழர். தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் துரைமார்களின் கோல்ஃப் பை சுமந்து, அவர்கள் அடிப்பதைப் பார்த்தே ஆட்டம் கற்றவர். இந்த ஊர்க் கோல்ஃபில் அப்படி வந்த நம்மவர்கள் நிறைய. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் எல்லாம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய காலத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு வாளிப் பந்து அப்படியே இருக்கும். அவர் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு அடிப்பது.

“ஏன் தம்பி இவ்ளோ அவசரம்? பந்து எங்கயும் ஓடிப் போகாது லா.”

“கால் ரெண்டும் சேர்ந்திருந்தா விழுந்துடுவேன் அங்கிள்.”

“விழு. விழுந்தாத்தான் எதுல பலம் போடறேன்னு உனக்கே தெரியும்.”

சொன்னது உண்மை. காலை ஒட்டி வைத்தால் தோளால் இழுத்து அடிக்கவே முடியாது. இழுத்தால் முன்பக்கம் தடுமாறுவோம். கைகளும் உடம்பும் ஒன்றாகத் திரும்பினால் மட்டும்தான் நிற்க முடியும். இதோடு சேர்த்து அவர் சொன்னது பாதி வீச்சு: பின்னால் போகும்போது கை கடிகாரத்தின் ஒன்பது மணிக்கு, முன்னால் வரும்போது மூன்று மணிக்கு, அதற்கு மேல் கூடாது. 8 அயர்ன் அல்லது குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் போதும். சுவாரசியமே இல்லாத பயிற்சி. பக்கத்தில் எல்லோரும் டிரைவரால் வலையைக் கிழிக்கும்போது நாம் மட்டும் கொஞ்ச தூரத்துக்குத் தட்டிக்கொண்டிருப்போம். ஆனால் இத்தனை பயிற்சிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் கால் ஒட்டிய இந்தப் பாதி வீச்சைத்தான் வைத்துக்கொள்வேன். சூடேற்ற இன்றும் முதல் பத்துப் பதினைந்து பந்து இதுதான்.

அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடிக்கும் பிரபலமான பயிற்சி எனக்கு அரைகுறையாகத்தான் உதவியது. குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்துச் சின்ன அடிகளில் அருமை. கை தனியாக ஓடினால் துண்டு விழுந்துவிடும். முழு வீச்சில், அதுவும் டிரைவரில், வலது அக்குள் மேலே திறந்துகொள்வது இயல்பு. அதையும் இறுக்கிப் பிடித்தால் வீச்சு முடங்கிவிடுகிறது. டிரைவருக்கு இதை விட்டுவிட்டேன்.

பயிற்சி என்றால் விஜய் சிங்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஃபிஜி இந்தியரான அவர் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 2004இல். அதற்கு வெகு காலம் முன்பு நம் போர்னியோப் பக்கம் கிளப் பயிற்சியாளராக இருந்தார், 1984இல் மலேசிய பிஜிஏ பட்டத்தையும் வென்றார். பொழுது சாயும்வரை ரேஞ்சை விட்டு நகராதவர் என்று பெயர். அதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் இரண்டு வாளி, மூன்று வாளி என்று அடிக்கிறார்கள். களைத்த பிறகு அடிக்கிற மூன்றாவது வாளியில் கெட்ட பழக்கம்தான் பதிகிறது என்பது என் எண்ணம்.

தாளத்துக்கு ஒரு பயிற்சி. தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீச்சை அளந்தால், மட்டை மேலே போகும் நேரம் கீழே வந்து பந்தைத் தொடும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 3:1. இதற்குக் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன, டிக் டிக் என்று ஒலி தரும். என் மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் நடனம் கற்கிறாள், வீட்டில் எந்நேரமும் ஜதிதான். செயலியை அழித்துவிட்டு ‘த-கி-ட’வில் மட்டையை மேலே கொண்டுபோய் ‘தோம்’மில் பந்தைத் தொடுகிறேன். வாயில் முணுமுணுப்பதைப் பார்த்து மந்திரம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

திசைக்கு இரண்டு கண்ணாடியிழைக் கம்பிகள் வைத்திருக்கிறேன். ஒன்று பாதங்களுக்கு இணையாக, இன்னொன்று பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆட்டத்தின்போது இப்படி எதையாவது தரையில் வைத்து அதன் உதவியால் நிற்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. கம்பிக்குப் பழகிய கண் மைதானத்தில் திகைத்துப்போகும். அதனால் இப்போது சில பந்துகள் கம்பியோடு, சில பந்துகள் கம்பியை எடுத்துவிட்டு. அப்போது பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் இலக்கின் நேர்கோட்டில் ஒரு இலையையோ கறையையோ குறி வைத்துக்கொள்வேன். அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் காலமெல்லாம் செய்தது இதைத்தான்.

இனி, நான் மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டதும் மற்ற எல்லாவற்றையும்விட ஸ்கோரை மாற்றியதுமான விஷயம். ரேஞ்சில் ஒரே 7 அயர்னால் வரிசையாக நாற்பது பந்து அடித்தால் கடைசிப் பத்தும் தங்கமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அது காணாமல் போகும். இதற்கு விளக்கம் உண்டு. 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். கையால் மரத்தடுப்புகளை வெவ்வேறு வரிசையில் தட்டிவிடும் வேலை. ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். கலந்துகட்டிச் செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள், ஆனால் பிறகு சோதித்தபோது அவர்களே மேல். கோல்ஃபும் அப்படித்தான், மைதானத்தில் ஒரே அடியை அடுத்தடுத்து யாரும் அடிப்பதில்லை. ஆகவே வாளியின் பின்பாதியை நான் எனக்குத் தெரிந்த மைதானமாக ஆடுகிறேன்: டிரைவர், பிறகு மிச்சத் தூரத்துக்கு ஏற்ற அயர்ன், பிறகு வெட்ஜ். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று புதிதாகக் குறி பார்த்து வருவேன். ரேஞ்சில் பார்ப்பதற்கு என் ஆட்டம் முன்பைவிட மோசம். ஸ்கோர் கார்டில் முன்பைவிட நல்லது.

உடம்பைவிட வெளியில் உள்ள பொருளைக் கவனிப்பதே பலன் தரும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. கப்ரியேல் வுல்ஃப் குழுவினர் 1999இல் கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சின்ன அடி கற்றுக்கொடுத்தபோது, கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் குறி தவறாமல் அடித்தார்கள். துண்டும் உறையும் மார்க்கரும் என்னிடம் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்கு ஒரே பயிற்சி: மட்டைத் தலை நுழையும் அளவுக்கு இரண்டு டீக்களைக் குத்தி அதன் நடுவே அடிப்பது. வீட்டு ஹாலில் டீக்குப் பதில் இரண்டு மிளகாய்ப்பொடி டப்பா. வீட்டுக்காரம்மா அனுமதித்தால். கைபேசி காணொளி மாதம் ஒருமுறை போதும், தினமும் பார்த்தால் தலைக்குள் பத்துக் குரல் கேட்கும். நாலைந்து நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய வளைகிற மட்டை ஒன்று இப்போது அலமாரியின் பின்னால் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

பலன் என்று கேட்டால், ஸ்லைஸ் செத்துவிடவில்லை. வலப்பக்கம் லேசாக வளையும் பந்தாகச் சுருங்கியிருக்கிறது. ஃபேர்வேயின் இடது ஓரத்தைக் குறிபார்த்தால் நடுவில் விழுகிறது, அது போதும். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்பும் (குறைந்தால் நல்லது) மெதுவாக இறங்கியிருக்கிறது. ஆனால் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள், ஒரு நல்ல ஞாயிறு எதையும் புரட்டிப் போடாது. பொறுமையில்லாதவர்கள் மாதக் கணக்கில் ஹேண்டிகேப்பையே பார்க்காமல் இருப்பது நல்லது.

மிச்சம் இருப்பது பங்கர். மணலில் இருந்து எடுக்கிற அடிக்கு மேட்டில் பயிற்சியே கிடையாது. நான் போகிற ரேஞ்சிலும் மணல் இல்லை. வார நாளில் காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பயிற்சி பங்கர் உள்ள கிளப்புக்குப் போவதுதான் வழி என்று அங்கிள் சொல்கிறார். அடுத்த மாதம் அவரோடு போகிறேன்.